வாத்தியாரின் மீட்டர் கேஜ் ஸ்டேஷன்

பொன்மலைப் பணிமனையில் ஃபிட்டர் வேலை, மாலையில் மிருதங்கம். எங்கள் வாத்தியாரை ஊர் அப்படித்தான் அறியும். போன கார்த்திகையில் காலமானார். எண்பதைத் தாண்டிய வயது, கடைசி வாரம் வரை நினைவு தெளிவாக இருந்தது. அவர் வாசித்துக் கேட்டவர்கள் திருச்சி வட்டாரத்தில் நிறையப் பேர் உண்டு. அவர் வீட்டு முன்னறையில் அவரே சின்ன அளவில் செய்த ஒரு மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி உள்ள பாதை) ரயில் நிலையமே இருந்தது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்துத்தான் அவரை நினைக்க வேண்டும் என்பது என் எண்ணம். இப்படி ஒருவர் போன பிறகு சாமான்களை என்ன செய்வது என்று திகைக்கிற குடும்பங்களுக்கும், சின்ன ரயில் ஒன்று கட்டிப்பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் பயன்படும் என்று அவரிடம் கற்றதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பொன்மலையைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை, அது திருச்சியின் ஒரு பகுதி. தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே கொண்டுவந்தது. அதைச் சுற்றிக் குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை என்று ஒரு ஊரே முளைத்தது. பணிமனைச் சங்கை வைத்துத்தான் எங்கள் வீடுகளில் உலை வைப்பார்கள். 1939-ல் திருச்சி வானொலி நிலையம் வந்தது. கச்சேரிக்கென்று ஊர் ஊராகப் போக முடியாத வேலைக்காரக் கலைஞர்களுக்கு அது பெரிய ஆதரவு. வாத்தியார் அந்த நிலையத்தில் வருஷக்கணக்காக வாசித்தார்.

வேலை முடிந்து வந்ததும் முதலில் மண்ணெண்ணெய் போட்டுக் கையைக் கழுவுவார், அப்புறம் சோப்பு, அப்புறம் சீயக்காய். கையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் மிருதங்கத்தைத் தொடுவார். வலந்தலையில், அதாவது மிருதங்கத்தின் வலது பக்கத் தோலில், கிரீஸ் பட்டால் நடுவில் இருக்கிற கருப்புக் கரணை கெட்டுவிடும் என்பது ஒரு காரணம். பின்னால்தான் எனக்கு இன்னொன்று புரிந்தது. சின்ன ரயிலைத் தொடும்போதும் அவருக்கு அதே கை சுத்தம் இருந்தது. விரல் எண்ணெய்தான் தண்டவாளத்துக்கு முதல் எதிரி என்பார்.

தாள மேதை மான்பூண்டியா பிள்ளை வழிவந்த புதுக்கோட்டை மிருதங்கப் பாணியில் பாடம் கேட்டவர். அந்தப் பாணியின் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையின் வாசிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்களுக்கு அன்று வகுப்பு கிடையாது, கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆனால் எங்கள் வாத்தியார், தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கிற தனி ஆவர்த்தனத்தில் அசத்துகிற ஆள் இல்லை. இரண்டு களைச் சவுக்கம் என்கிற மிக மெதுவான காலத்தில் ஒரு கீர்த்தனைக்கு அவர் வாசிப்பதுதான் அவருடைய உச்சம். பாட்டுக்கு நடுவே இடம் விட்டு, தொப்பியில், அதாவது இடது பக்கத் தோலில், ஒரே ஒரு கும்கி நாதம் கொடுத்து, அடுத்த சொல் எங்கே விழும் என்று நம்மை ஏங்க வைப்பார். "வேகமா வாசிக்க விரல் போதும்டா. மெதுவா வாசிக்கத்தான் ஆள் வேணும்" என்று அவர் சொன்னபோது எங்களுக்கு வயது பத்துப் பன்னிரண்டு. நம்பவில்லை. காலப்பிரமாணம், அதாவது தாள வேகம், நழுவாமல் ஒரு பல்லவியை மெதுவாகத் தாங்குவது எவ்வளவு கடினம் என்பது மேடையில் உட்கார்ந்த பிறகுதான் தெரியும்.

அவருடைய ரயிலும் அப்படித்தான். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அவர் செய்து வைத்திருந்தது கீரனூர் மாதிரி ஒரு ஸ்டேஷன். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குப் பாடத்துக்கும் கச்சேரிக்கும் போய் வந்த காலத்தில் மனதில் பதிந்த இடம். ஒரு பிளாட்பாரம், ரயில் ஒதுங்கி நிற்கிற ஒரு லூப் லைன், ஒரு கூட்ஸ் ஷெட், ஒரு கைகாட்டி, ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். நீலகிரி மலை ரயிலைச் செய்யலாமே என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்பார்கள். பல்சக்கரப் பாதையில் மலை ஏறுகிற அந்த ரயில் யாருக்குத்தான் பிடிக்காது? பிற்காலத்தில் அதற்குப் புது நீராவி இன்ஜின்களைக் கட்டியதே இந்தப் பொன்மலைப் பணிமனைதான், அதில் அவருக்குப் பெருமை உண்டு. ஆனால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே ஏற்றம் ஏறக்குறைய 12-க்கு 1, அதாவது மீட்டருக்கு எட்டு சென்டிமீட்டர். பல்சக்கரம் இல்லாத சின்ன இன்ஜின், பெட்டிகளை இழுத்துக்கொண்டு மீட்டருக்கு இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று சென்டிமீட்டர் ஏறும். அதற்கு மேல் சக்கரம் வழுக்கும். "நமக்குச் சமதரை போதும். சமதரையிலேயே ஒழுங்கா ஓட்டக் கத்துக்குவோம்" என்றார். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நானும் இதையே சொல்வேன். மலையும் குகையும் பாலமும் வைத்துத் தொடங்கிய லேஅவுட்டுகள் (சின்ன ரயில் ஓடுகிற மேடைகள்) பாதியில் கட்டிலுக்கு அடியில் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஸ்டேஷனை முழுதாக முடிப்பது பெரிய காரியம்.

அடுத்து அளவு. வெளிநாட்டில் அதிகம் விற்பது எச்.ஓ. என்கிற 1:87 அளவு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். நம் ஊர் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர், அதை 87-ஆல் வகுத்தால் 19-க்கு மேல் வரும். ஆகவே கடையில் வாங்கின பாதையில் நம் அகலப் பாதை ரயிலை வைத்தால் பெரிய உடம்பு சின்னக் காலில் நிற்பதுபோல் தெரியும். மீட்டர் கேஜை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை, அதற்குத் தனிப் பாதை வாங்க வேண்டும், விலையும் கூடுதல். வாத்தியார் கணக்கைத் திருப்பிப் போட்டார். கையில் இருப்பது 16.5 மில்லிமீட்டர் பாதை. அது ஒரு மீட்டர் என்றால் மற்றதெல்லாம் என்ன அளவு? 1000-ஐ 16.5-ஆல் வகுத்தால் அறுபது சொச்சம். சரி, 1:60 என்று வைத்துக்கொண்டார். ஐந்தடி ஆறு அங்குல ஆள் இருபத்தெட்டு மில்லிமீட்டர் உயரம். மீட்டர் கேஜ் பெட்டி ஒரு அடிக்குச் சற்று மேல். எந்தக் கம்பெனியும் விற்காத அளவு, ஆனால் பாதையும் சக்கரமும் மோட்டாரும் சுலபமாகக் கிடைக்கும். மேலே உள்ள உடம்பை மட்டும் நாம் செய்துகொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்து அவர் எடுத்த புத்திசாலித்தனமான முடிவு அதுதான். கிடைக்காததைத் தேடி வருஷங்களை வீணாக்காமல், கிடைப்பதிலிருந்து அளவைத் தீர்மானித்தார்.

இன்ஜின் ஒய்.டி.எம்-4. அந்தக் காலத்து மீட்டர் கேஜ் டீசல். பணிமனைக்குப் பழுதுபார்க்க வந்து நிற்கும்போது டேப்பும் சிகரெட் அட்டையுமாக அளவெடுத்திருக்கிறார். சிங்கப்பூரில் இருந்த மைத்துனர் கொண்டுவந்த எச்.ஓ. அமெரிக்க டீசல் ஒன்றின் அடிப்பாகம், ஆறு அச்சுள்ளது. அதன்மேல் பித்தளைத் தகட்டை வெட்டி, மடித்து, சால்டர் வைத்து உடம்பு. பெட்டிகள் அட்டையும் பிளாஸ்டிக் தகடும், மேலே கருஞ்சிவப்புப் பெயின்ட். கைகாட்டியின் கம்பம் தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவின் பித்தளை ரீஃபில், கை பவுடர் டப்பாத் தகரம், இழுக்கிற கம்பிக்குப் பதில் தூண்டில் நரம்பு. ஸ்டேஷன் மாஸ்டரும் பாயிண்ட்ஸ்மேனும் எம்-சீலில் பிடித்த பொம்மைகள். கூட்ஸ் ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒரு நிலக்கரிக் குவியல் உண்டு, பார்த்தால் நிஜக் கரியேதான். மிருதங்கத்தின் மூட்டு, அதாவது தோல் முகம், மாற்றும்போது உதிர்ந்த பழைய வலந்தலைக் கரணைத் துண்டுகள் அவை. எத்தனை கச்சேரி வாசித்த கரணையோ.

ஜல்லிக்கு ஆற்று மணலைச் சலித்துப் போடலாம், ஆனால் போடுவதற்கு முன் காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மணலுக்குள் நாலைந்து முறை ஓட்ட வேண்டும். நம் மணலில் கருப்பாக இரும்புத் தூள் கலந்திருக்கும். அதை எடுக்காமல் போட்டால் மோட்டாரின் காந்தம் ஒவ்வொரு துகளாக உள்ளே இழுத்துக்கொள்ளும். மணலைப் பரப்பிய பிறகு ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து, பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு, இங்க் ஃபில்லரில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அந்த ஒரு சொட்டு இல்லாவிட்டால் தண்ணீர் மணல்மேல் முத்தாக நிற்கும், உள்ளே இறங்காது. மரத்துக்குக் காய்ந்த துளசிச் செடியைவிட நல்ல கிளை அமைப்பு எதிலும் கிடையாது. தரைக்கு வடிகட்டிக் காயவைத்த டீத்தூள் போதும், நன்றாகக் காய வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

இருந்தது ரயில்வே குவார்ட்டர்ஸ். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். ஆகவே முதல் நாளிலிருந்தே ரயில் ஓடுகிற மேடையை நாலடி நாலடியாக மூன்று துண்டுகளாகச் செய்து, போல்ட் போட்டு இணைத்திருந்தார். பொன்மலைப்பட்டியில் சொந்த வீடு கட்டிப் போனபோது மூன்று துண்டும் ஒரு குட்டியானை வண்டியில் ஏறிப் போய்ச் சேர்ந்தன. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. ஒரே பலகையாகச் செய்தால் அது அறையைவிட்டு முழுதாக வெளியே வராது. தனியாக ஒருவர் தூக்கக்கூடிய அளவுதான் ஒரு துண்டின் அளவு. கால்களுக்கு மரம் வைக்கவில்லை, கடையில் சாமான் அடுக்குகிற துளை போட்ட இரும்பு ஆங்கிள். கரையான் ஏறாது. மேலே பன்னிரண்டு மில்லிமீட்டர் பிளைவுட், தண்ணீர் தாங்குகிற ரகம், வெட்டிய ஓரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் பெயின்ட். திருச்சி வெயிலில் தண்டவாளம் நீளுவதைவிட, ஐப்பசி மழையில் பலகை ஊறி வெயிலில் சுருங்குவதுதான் அதிகத் தொல்லை. அதனால் தண்டவாள இணைப்புகளில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இடைவெளி விட வேண்டும்.

இனி மெதுவாக ஓட்டுவது.

அந்தக் காலத்து மீட்டர் கேஜில் லூப் லைனில் நுழைகிற ரயிலுக்கு வேக வரம்பு மணிக்கு 15 கிலோமீட்டர். 1:60 அளவில் அது வினாடிக்கு ஏழு சென்டிமீட்டர். எட்டு அட்சரம் (எண்ணிக்கை) உள்ள ஆதி தாளத்தை வினாடிக்கு ஒரு அட்சரமாகப் போட்டால் ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, எட்டு வினாடி, அதற்குள் ரயில் ஐம்பத்தாறு சென்டிமீட்டர் போக வேண்டும். வாத்தியார் மேடையின் முன் விளிம்பில் ஐம்பத்தாறு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டிருந்தார். ரயிலை விட்டுவிட்டுத் தொடையில் தாளம் போடுவார். சமம், அதாவது தாளத்தின் முதல் தட்டு, விழும்போது இன்ஜினின் மூக்கு கோட்டில் இருக்க வேண்டும். பன்னிரண்டு அடியையும் கடக்க ஆறரை ஆவர்த்தனம். ஒரு அட்சரம் முந்தினாலும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டரைக் குறைத்து, பின்னால் கொண்டுவந்து, மறுபடி விடுவார். எங்களையும் அப்படித்தான் ஓட்டச் சொன்னார். பையன்களுக்கு ரயில் என்றால் வேகம். அவர் வீட்டில் வேகமாக ஓட்டுகிறவனுக்கு அடுத்த முறை கிடையாது. வகுப்பில் காலப்பிரமாணம் ஓடிவிடுகிற பையனைத்தான் ரெகுலேட்டரில் அதிக நேரம் உட்கார வைத்தார் என்பதை இப்போது யோசித்தால் புரிகிறது. மிருதங்கத்தில் வராத நிதானம் எனக்கு முதலில் அந்த ரெகுலேட்டரில்தான் வந்தது.

வினாடிக்கு ஏழு சென்டிமீட்டரில் ஒரு சின்ன மோட்டாரைத் திக்காமல் ஓட்டுவது லேசான காரியம் இல்லை. வேகமாக ஓடினால் தண்டவாளத்தில் உள்ள அழுக்கை இன்ஜின் தன் வேகத்திலேயே தாண்டிவிடும். மெதுவாகப் போகும்போதுதான் ஒவ்வொரு குறையும் வெளியே வரும். அவர் செய்த ஏற்பாடுகள் நாலு.

முதலாவது மின்சாரம். தண்டவாளத்தை இணைக்கிற சின்னத் தகட்டை மின்சாரத்துக்கு நம்பவே கூடாது. ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் அடியிலிருந்து தனி வயர் சால்டர் வைத்து, மேடைக்கு அடியில் ஓடுகிற தடித்த வயர் ஜோடியில் சேர்த்தார். கட்டும்போது சலிப்பான வேலை, முடித்துவிட்டால் வருஷக்கணக்கில் தொல்லை இல்லை. இரண்டாவது, இன்ஜினின் எல்லாச் சக்கரங்களும் மின்சாரம் எடுக்கும்படி மெல்லிய வெண்கலக் கம்பியில் கைகள் வைத்தார். ஒரு சக்கரம் விட்டால் இன்னொன்று எடுக்கும். மூன்றாவது எடை. தூண்டில் ஈயத்தைத் தட்டித் தட்டையாக்கி, உள்ளே முன்னும் பின்னும் சமமாக வைத்தார். கனமான இன்ஜின் தண்டவாளத்தை அழுத்திப் பிடிக்கும். நான்காவது சுத்தம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து அதில் அழுக்கு தங்கும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணி போதும், துணியில் கருப்பு வருவது நிற்கும் வரை. தண்டவாளத்தை மட்டும் துடைத்து, சக்கரத்தை விட்டால் வேலை பாதிதான். சக்கரம் அழுக்கை மறுபடி பூசிவிடும். வாங்கும்போது நிக்கல் சில்வர் தண்டவாளமாக வாங்குங்கள். பித்தளை கருத்தால் மின்சாரம் போகாது, இரும்பு நம் ஊர் ஈரத்தில் துருப்பிடிக்கும்.

எண்ணெய் பற்றியும் ஒரு சொல். பிளாஸ்டிக்கைத் தின்னாத எண்ணெயாகப் பார்த்து, ஊசி முனையில் எடுத்து வைக்கிற அளவுதான். தையல் மிஷினுக்கு விடுவதுபோல் விட்டால் அது மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷுக்குப் போய்ச் சேரும்.

நிஜப் பாதையில் தடக் தடக் என்று கேட்பது தண்டவாள இணைப்புகளால். பன்னிரண்டு மீட்டர் தண்டவாளம் இந்த அளவில் இருபது சென்டிமீட்டர். அதனால் இருபது சென்டிமீட்டருக்கு ஒரு முறை, ஒட்டு இல்லாத இடங்களிலும், ஹாக்ஸா பிளேடால் மேலே ஒரு கீற்றுப் போட்டிருந்தார். அதில் அழுக்கு சேரும், பல்குத்தியால் நோண்டி எடுக்க வேண்டும். வேலை கூடுதல்தான், ஆனால் அவருக்கு அந்தச் சத்தம் இல்லாமல் ரயில் கிடையாது. 1992-ல் ஒரே அகலப் பாதைத் திட்டம் தொடங்கி, பிறகு புதுக்கோட்டைப் பாதையும் அகலப் பாதையாக மாறி, தண்டவாளங்கள் நீளமாகப் பற்றவைக்கப்பட்டபோது அவர் வருந்தியது அந்தச் சத்தத்துக்காகத்தான். பயணம் சுகமாகிவிட்டது என்பதை மறுக்கவில்லை. ரயிலில் போகும்போது அந்தத் தடக்குக்கு நடை போட்டுப் பாடம் சொல்லிப் பார்த்த தலைமுறை அவருடையது.

சங்கீதக்காரர்களுக்கும் சின்ன ரயிலுக்கும் ஏதோ ஒட்டு இருக்கத்தான் செய்கிறது. பிரிட்டிஷ் ராக் பாடகர் ராட் ஸ்டூவர்ட் இருபது வருஷத்துக்கு மேல் உழைத்து, 1940-களின் அமெரிக்க நகரம் ஒன்றை 1:87 அளவில் தன் வீட்டு மாடியில் கட்டியதை 2019-ல் வெளியே சொன்னார். கச்சேரிப் பயணங்களில் கட்டட வேலைக்கென்றே ஹோட்டலில் தனி அறை எடுப்பாராம். கனடாவில் பிறந்த ராக் பாடகர் நீல் யங், மூளை முடக்குவாதம் உள்ள தன் மகனும் ரயிலை இயக்க வேண்டும் என்று கட்டுப்பாட்டுக் கருவிகள் உருவாக்கி, அமெரிக்காவின் பழைய ரயில் பொம்மைக் கம்பெனியான லயோனலில் 1990-களில் பங்குதாரரும் ஆனார். இதை நான் படித்துச் சொன்னபோது வாத்தியார் நீல் யங்கைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தப் பையன் எப்படி ஓட்டினான், எந்த உறுப்பை அசைத்து ஓட்டினான் என்று.

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. எழுபத்தைந்துக்கு மேல் அவர் வலது கை நடுங்க ஆரம்பித்தது. கச்சேரிகளைத் தானே நிறுத்திக்கொண்டார். யாரும் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. சால்டரிங் அயர்னைப் பிடிக்க முடியவில்லை. அப்போது நான் போய் உட்காருவேன். அவர் கண், என் கை. "அங்கே இல்லைடா, அரை நூல் இடப்பக்கம்." இப்படி ஓடின எத்தனையோ மாலைகள். அம்மா, அதாவது அவர் மனைவி, காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுச் செய்யுங்க" என்பார். மேடையின் காலை அறுத்து, நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே பிளாட்பாரம் வருகிற உயரத்துக்கு இறக்கினோம். ரெகுலேட்டரின் சின்னக் குமிழை எடுத்துவிட்டு மரத்தில் உள்ளங்கை அளவு குமிழ் போட்டோம், நடுங்குகிற கையையும் அது தாங்கும். வீட்டில் வயதான பொழுதுபோக்குக்காரர் இருந்தால் இந்த இரண்டு மாற்றமும் செய்துகொடுங்கள். ரொம்பச் சின்ன வேலை, அவர்களுக்கு இன்னும் சில வருஷங்கள் கிடைக்கும்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு பெங்களூரிலிருந்து வந்திருந்த அவர் மகள், எங்களுக்கெல்லாம் அக்கா, கேட்டார்: "இதையெல்லாம் என்ன தம்பி பண்றது?" ஏற்கெனவே ஒருவர் வந்து எல்லாவற்றையும் மொத்தமாக எடைக்கு விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். அக்காவிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். மூன்று மாதம் எதையும் தொட வேண்டாம், யாருக்கும் கொடுக்க வேண்டாம். துக்கத்தில் எடுக்கிற முடிவில் எல்லாம் குப்பையாகத் தெரியும், அல்லது எல்லாம் பொக்கிஷமாகத் தெரியும்.

அப்புறம் படம் எடுத்தோம். எதையும் நகர்த்துவதற்கு முன், இருந்த இடத்தில் இருந்தபடி, மேடைக்கு அடியிலும் போய். வயர் எங்கே போகிறது என்பதற்கு அந்தப் படங்கள்தான் சாட்சி. கீழே நாலு வயர் கட்டுகளில் காகிதத் துண்டு கட்டி த, தி, தொம், நம் என்று எழுதியிருந்தது. அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. மிருதங்கத்தில் முதல் நாள் பாடமே இந்த நாலு சொல்தான். பாதையை அவர் நாலு மின் பகுதிகளாகப் பிரித்து, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வரிசையாக இந்தப் பெயர் வைத்திருக்கிறார். தாளச் சொற்களை எழுதி வைக்கிற அவருடைய சொற்கட்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் முழு வரைபடமும் இருந்தது, ஒரு மிஸ்ர நடைக் கோர்வைக்கும் ஒரு மளிகைக் கணக்குக்கும் நடுவில். அந்த நோட்டைப் பழைய பேப்பரில் போட்டிருந்தால் எல்லாம் போயிருக்கும். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இப்போது இருந்தால், ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேசுவதை போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். எது எங்கே, எதை எதனோடு சேர்த்தது, எது யாருக்கு. பத்து நிமிஷம் போதும்.

விலை பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன், குடும்பங்கள் இதில்தான் குழம்புகின்றன. பிராண்ட் உள்ள பழைய இன்ஜினுக்கு, அட்டைப்பெட்டியோடு இருந்தால் வாங்க ஆள் உண்டு. பெட்டிக்கே மதிப்பு உண்டு, தூக்கிப் போடாதீர்கள். கையால் செய்த இன்ஜினுக்குச் சந்தையில் பெரிதாக விலை இல்லை. அதற்கு மதிப்புத் தெரிந்தவர் கையில் கொடுக்க வேண்டும், விற்பது இரண்டாம் பட்சம். வருஷக்கணக்கில் ஓடாத இன்ஜினை உடனே மின்சாரத்தில் வைக்காதீர்கள். பழைய கிரீஸ் கெட்டிப்பட்டுப் பிசினாகியிருக்கும், மோட்டார் கருகிவிடும். கழற்றித் துடைத்து, சக்கரம் கையால் சுலபமாகச் சுற்றுகிறதா என்று பார்த்த பிறகுதான் கரண்ட். பழைய டிரான்ஸ்ஃபார்மரை எந்த உணர்ச்சிக்கும் இடம் கொடுக்காமல் கழித்துவிடுங்கள். உள்ளே வயரின் உறை பொடியாகியிருக்கலாம், குழந்தைகள் தொடுகிற சாமான் இது. புதுப் பன்னிரண்டு வோல்ட் அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம். கட்டி வைக்கும்போது குமிழ் பிளாஸ்டிக்கைப் பெயின்ட் மேல் நேராகச் சுற்றினால் நம் வெயிலில் குமிழின் அச்சு பெயின்ட்டில் விழுந்துவிடும். முதலில் மெல்லிய வெள்ளைக் காகிதம், அதற்கு மேல் மற்றது.

மிருதங்கங்களை வைத்துக்கொள்வதில் அர்த்தம் இல்லை என்று அம்மாவே சொன்னார். வாசிக்காத மிருதங்கத்தின் தோலைப் பூச்சியும் ஈரமும் பார்த்துக்கொள்ளும். நல்ல பலாக் கட்டைக்கு ஆயுள் அதிகம், தோல் மூட்டையும் வாரையும் மாற்றினால் இன்னொரு தலைமுறை வாசிக்கும். கற்றுக்கொண்டிருக்கிற, சொந்த வாத்தியம் வாங்க வசதியில்லாத மூன்று பிள்ளைகளுக்குப் புது மூட்டுப் போட்டுக் கொடுத்தோம். அவர் வானொலிக்கு எடுத்துப்போன ஒன்று மட்டும் அக்காவிடம் இருக்கிறது.

கேசட்டுகள்தான் அவசரம். பெட்டி நிறைய. கச்சேரிகள், வகுப்புகள். கேசட்டின் ஜன்னல் வழியாக நாடாவில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது பூஞ்சை, அதைப் பிளேயரில் போட்டால் பிளேயரின் ஹெட்டுக்கும் ஒட்டும், அடுத்த கேசட்டுக்கும் போகும். அதைத் தனியாக வைத்து விஷயம் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். நல்லவற்றை முதலில் ஒரு முறை முழுதாக முன்னும் பின்னும் சுற்றிவிட்டு, பிளேயரின் லைன் அவுட்டிலிருந்து கணினிக்கு எடுத்தோம். ஸ்பீக்கருக்கு முன் போனை வைத்துப் பதிவு செய்தால் தொப்பியின் கார்வையே கேட்காது. மிருதங்கத்துக்கு அது போனால் என்ன மிச்சம்? எம்பி3 கேட்பதற்குச் சரி, சேமிக்க வேவ் கோப்பாக வையுங்கள், இரண்டு இடத்தில். ஒரு கேசட்டில் ஒரு பக்கம் முழுக்க மீட்டர் கேஜ் ரயில் சத்தம், பெட்டிக்குள் உட்கார்ந்து பதிவு செய்தது. நடுவே அவர் குரல் மெதுவாகச் சொற்கட்டு சொல்கிறது.

ஸ்டேஷன் இப்போது என் வீட்டு மாடியில், அதே மூன்று துண்டாக. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். கோடும் தாளமும் அவர்களுக்கும் உண்டு. அக்காவின் மகன் லீவுக்கு வரும்போது ஒன்று கேட்டான்: "மாமா, இதை டிஜிட்டலுக்கு மாத்தலாமா?" டி.சி.சி. என்கிற முறை. தண்டவாளத்தில் எப்போதும் ஒரே அளவு மின்னழுத்தம் இருக்கும், ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் உள்ள டீகோடருக்குத் தனித்தனியாகக் கட்டளை போகும். ஒரே இன்ஜின் ஓடுகிற ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு அது தேவையே இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் நல்ல டீகோடர் மோட்டார் சுற்றும்போது அதிலிருந்து திரும்பிவருகிற மின்னழுத்தத்தை அளந்து, வேகம் குறைந்தால் கொஞ்சம் கூட்டியும் கூடினால் குறைத்தும் கொடுக்கும். வாத்தியார் கையால் செய்த வேலையை அது வினாடிக்குப் பல முறை செய்யும். மெதுவாக ஓட உதவுகிற எதையும் அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார். பழைய மோட்டாரின் பிரஷ் இரண்டையும் அடிப்பாகத்தின் உலோகத்திலிருந்து முழுதாகப் பிரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் டீகோடர் புகைந்துவிடும். அதற்கான பிளாஸ்டிக் துண்டை அரத்தில் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். பையன் பொங்கல் லீவுக்கு வருகிறான், அவனே சால்டர் வைக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.